அந்த மனுவில் என் கையெழுத்து இல்லை

போன மாதம் ஒரு தம்பி மனு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கெசாங் ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் பண்டை, அதாவது மண்கரையை, உயர்த்திக் கட்ட வேண்டும், வெள்ளத்துக்கு அதுவே நிரந்தரத் தீர்வு என்று மலாயிலும் தமிழிலும் எழுதி, கீழே ஐம்பது பேர் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தார். அவருடைய அக்கா குடும்பம் சுங்கை ரம்பை பக்கம் தாழ்வான இடத்தில் இருக்கிறது. "கிராணி ஐயா, நீங்க மொதல்ல போடுங்க. நீங்க போட்டா செலண்டார்ல மத்தவங்களும் போட்டுருவாங்க" என்றார். நான் போடவில்லை. தேத்தண்ணீரைக் குடித்து முடிக்கும்வரை பேசாமல் இருந்தவர், செருப்பை மாட்டும்போது, "வீட்டுக்குள்ள தண்ணி வந்து பார்த்தவங்களுக்குத்தாங்கய்யா தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சொல்லில் நியாயம் இருந்தது, அதனால் குத்தியது. செலண்டார் மேட்டுப்பக்கம். எங்களுக்கு வெள்ளம் என்றால் சாலையை மூடிய தண்ணீர், அரை நாள் தாமதம். அவருடைய அக்காவுக்கு வெள்ளம் என்றால் மெத்தை, அரிசி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம். ஆகவே கையெழுத்துப் போடாததற்கு நான் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும். முப்பது ஆண்டு வெளிக்காட்டுக் கிராணியாக இருந்தவன் நான். அதில் ஆறு ஆண்டு கடலோரச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், பண்டுக்கு உள்ளேயே குடியிருந்தேன். பண்டு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே காலில் சேறு ஒட்டப் பார்த்தவன்.

ஊர் முழுக்க ஒரே பேச்சுத்தான். கோயில் கூட்டத்திலும் சொல்கிறார்கள், ஒய்.பி. வந்தாலும் சொல்கிறார்கள். ஆறு கரையைத் தாண்டி வருவதால்தான் வெள்ளம் வருகிறது, கரையை உயர்த்திவிட்டால் தாண்டி வராது, ஆகவே உயர்த்து. கேட்பதற்கு இதைவிடத் தெளிவான பேச்சு கிடையாது. இதற்குத் துணையாக இன்னும் மூன்று வாதங்கள். குறுக்கி ஓடவிட்டால் ஆறு வேகமெடுத்துத் தன் படுகையைத் தானே அரித்து ஆழமாக்கிக்கொள்ளும் என்பது ஒன்று. கரிகாலன் காவிரிக்குக் கரை எழுப்பவில்லையா என்பது இன்னொன்று. கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் டச்சுக்காரன் பண்டை நம்பித்தானே வாழ்கிறான் என்பது மூன்றாவது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்தத் தெளிவான பேச்சு. ரப்பர் காலத்து ஆட்களுக்குப் பால் உறைய வைக்கும் நீளத் தொட்டி நினைவிருக்கும். பாலை ஊற்றி, ஆசிட் கலந்து, இடையிடையே தகடுகளைச் செருகுவோம். அந்தத் தொட்டியில் தகடு எதுவும் செருகாமல் தண்ணீர் ஊற்றுங்கள். நான்கு விரல் உயரம் நிற்கிறது என்று வையுங்கள். இப்போது ஒரு தகட்டைச் செருகி, அதே தண்ணீரைத் தொட்டியின் கால்பங்குக்குள் மட்டும் விடுங்கள். பதினாறு விரல் ஏறும். தகட்டுக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடக்கும், அது உண்மை. ஆனால் இந்தப் பக்கத்துத் தண்ணீரை நான்கு மடங்கு உயர்த்தியதும் அதே தகடுதான். பண்டு என்பது ஆற்றுக்குச் செருகிய தகடு.

"ஆறு தொட்டியில்லையே, ஓடுகிறதே" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. தண்ணீர் ஓட இறக்கம் வேண்டும். லேடாங் மலை அடிவாரத்தில் ஆசாஹான் அருவியாக விழும் தண்ணீருக்கு இறக்கம் தாராளம். அதே தண்ணீர் மலாக்கா நீரிணையை நெருங்கும் தாழ்நிலத்துக்கு வந்துவிட்டால் நிலம் தட்டையாகிவிடுகிறது. அங்கே அவசரமாகப் போகச் சொன்னாலும் போகாது. போதாததற்குக் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி வந்து ஆற்றின் வாயில் கை வைத்து நிறுத்துகிறது. வேகமாக ஓட முடியாத தண்ணீர் அகலமாகப் பரவத்தான் பார்க்கும். அகலத்தையும் நீங்கள் பண்டு போட்டு மறித்துவிட்டால் அதற்கு மிச்சம் இருக்கும் ஒரே வழி உயரம்.

கணக்குப் போட்டே பார்ப்போம். ஆற்றோரத்தில் 1,000 எக்டேர் தாழ்நிலம் இருக்கிறது, பெருவெள்ளத்தில் அதில் அரை மீட்டர் தண்ணீர் ஏறி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 50 லட்சம் கன மீட்டர். அந்த நிலத்தைப் பண்டு போட்டு ஆற்றிடமிருந்து பிரித்துவிட்டீர்கள். 50 லட்சம் கன மீட்டரும் ஆவியாகிவிடாது. 50 மீட்டர் அகலமுள்ள ஆற்றில் 10 கிலோமீட்டர் நீளத்துக்கு அதை நிறுத்தப் பார்த்தால் 10 மீட்டர் உயரம் வேண்டும். எந்த ஆற்றிலும் அப்படி நிற்காது. நிற்க முடியாததால் அது மூன்று வேலை செய்யும். பண்டுகளுக்கு இடையே மட்டம் ஏறும். முன்புறம் தடைபட்ட தண்ணீர் பின்னோக்கித் தேங்கி, பண்டு இல்லாத மேல்பக்கத்துக் கம்பத்தில் ஏறும். மீதி, வழியில் எங்கும் தங்கி மூச்சு வாங்காமல், முன்பைவிட விரைவாகவும் முன்பைவிட உயரமாகவும் கீழ்ப்பக்கத்து ஊரில் போய் இறங்கும்.

நான்காவதும் உண்டு, அதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. கெசாங் ஆறு கடலை நெருங்கும்போது அதுவே மலாக்காவுக்கும் ஜொகூருக்கும் எல்லை. இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். நம் கரையை ஓரடி உயர்த்தினால் அவர்கள் கரையை ஓரடி தாழ்த்தியதாகத்தான் பொருள். அடுத்த ஆண்டு அங்கேயும் ஒரு தம்பி மனுவோடு கிளம்புவார். அவர்கள் ஈரடி உயர்த்துவார்கள். பிறகு நாம் மூன்றடி. இது கற்பனையில்லை. 1927இல் மிசிசிப்பி பொங்கி வந்தபோது, எதிர்க்கரைக்காரன் வந்து நம் கரைக்கு வெடி வைத்துவிடுவானோ என்று பயந்து, கரைகளில் துப்பாக்கியோடு இரவுக் காவல் நின்றார்கள். அந்த ஏப்ரல் மாதம் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைக் காப்பாற்ற, அதற்குக் கீழே இருந்த கரையை அரசே வெடி வைத்துத் தகர்த்தது. நகரத்துக்காக மூழ்கியது ஏழைகளின் ஊர்கள். பண்டின் உயரம் என்பது யார் வீடு நனைய வேண்டும் என்ற தீர்ப்பு. அதை மண்ணால் எழுதுவதால் அது தீர்ப்பு என்பதே நமக்குத் தெரிவதில்லை.

அடுத்து, ஆறு தன்னைத்தானே ஆழமாக்கிக்கொள்ளும் என்ற வாதம். இதை நான் கேலி செய்யமாட்டேன். படித்தவர்கள், அறிவாளிகள் நம்பிய வாதம் இது. 16ஆம் நூற்றாண்டில் சீனாவில் மஞ்சள் ஆற்றைக் கவனித்துக்கொண்ட பான் ஜிஷுன் என்ற மிங் அரசு அதிகாரி, கரைகளை நெருக்கி ஆற்றின் வேகத்தாலேயே வண்டலை அடித்துக்கொண்டு போகச் செய்யலாம் என்றார். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் மிசிசிப்பிக்குக் கரை மட்டுமே போதும் என்ற கொள்கைக்கு வந்தார்கள். ஆறு இயல்பாகப் பிரிந்து ஓடிய கிளைவாய்களையும் அடைத்தார்கள். நல்ல இறக்கமும் வண்டல் குறைந்த தண்ணீரும் இருக்கும் இடத்தில் குறுக்கிய ஆறு அரிக்கும்தான். கழிமுகத்தில் என்ன ஆகும்? மேலே அரித்த மண்ணைக் கீழே எங்காவது இறக்கி வைக்க வேண்டும். கடலைத் தொட்டதும் வேகம் சாகும், மண் இறங்கும், முகத்துவாரம் கடலுக்குள் நீளும். நீண்ட ஆற்றுக்கு அதே இறக்கத்தை அதிக தூரத்துக்குப் பங்கு போட வேண்டும். பங்கு குறையும், வேகம் இன்னும் குறையும், மட்டம் பின்னோக்கி ஏறும். முன்பு வயலில் பரவி, உரமாகப் படிந்த வண்டல், இப்போது பண்டுகளுக்கு நடுவே ஆற்றின் படுகையிலேயே படியும்.

மஞ்சள் ஆற்றின் இன்றைய நிலையே பதில். கைஃபெங் நகருக்கு அருகே அதன் படுகை, நகரத்துத் தரையைவிடப் பல மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆறு ஊருக்கு மேலே ஓடுகிறது. 1855இல் அது கரையை உடைத்துக்கொண்டு, தெற்கே கடலில் விழுந்ததை விட்டுவிட்டு வடக்கே போய் வேறொரு கடலில் விழுந்தது. மிசிசிப்பியின் கதை 1927இல் முடிந்தது. அந்த வெள்ளத்தில் கரைகள் பல இடங்களில் உடைந்து, ஏறக்குறைய 70 ஆயிரம் சதுர கிலோமீட்டர் மூழ்கியது. மறு ஆண்டே புதிய சட்டம் வந்தது. கரை மட்டும் போதும் என்று சொன்னவர்களே, வெள்ளத்தைப் பிரித்துவிட வழி திறந்தார்கள்; நியூ ஆர்லியன்சுக்கு மேலே போனே காரே போக்கியை 1931இல் கட்டி முடித்தார்கள். அரை நூற்றாண்டுப் பிடிவாதத்தை ஒரே வெள்ளம் கரைத்தது.

இந்தியாவில் பீகாரின் கோசி ஆறு. 1950களின் தொடக்கத்தில் பீகாரில் ஆற்றுக்கரைகளின் மொத்த நீளம் 160 கிலோமீட்டர். வெள்ள அபாயத்துக்கு உட்பட்ட நிலம் 25 லட்சம் எக்டேர். பிறகு கரைகள் 3,400 கிலோமீட்டரைத் தாண்டின; வெள்ள அபாய நிலம் 68 லட்சம் எக்டேரைத் தாண்டியது. எல்லாப் பழியையும் கரை மேல் போடமுடியாது. ஆனால் கரை காப்பாற்றும் என்றால் இந்த எண் குறைந்திருக்க வேண்டுமா, கூடியிருக்க வேண்டுமா? 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்துக் குசாஹாவில் கோசியின் கரை உடைந்தபோது, ஆற்றில் ஓடியது கரை தாங்க வேண்டிய அளவில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் லட்சக்கணக்கானோர் வீடிழந்தார்கள். பல தலைமுறையாக வெள்ளத்தையே பார்க்காத ஊர்களுக்குள் ஆறு புகுந்து, அங்கே புதிதாக ஓர் ஓட்டத்தை வகுத்துக்கொண்டது. கரை உயர உயர, உடையும் நாளில் விழும் உயரமும் கூடும்.

பண்டு உடையாவிட்டால்? அப்போது எல்லாம் சரியாகிவிடுமா? கடலோரத் தோட்டத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அங்கே கான்கள் எல்லாம் ஒரு பெரிய கானில் சேர்ந்து, பண்டில் பதித்த தண்ணீர்க் கதவு வழியாக ஆற்றில் விழும். கதவு மேலே கீல் மாட்டிய கனத்த பலகை. வற்றலின்போது உள்ளே இருக்கும் தண்ணீர் அதைத் தள்ளித் திறக்கும். ஏற்றத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியிலிருந்து அழுத்தி மூடும். யாரும் நின்று திறக்க வேண்டியதில்லை, அழகான ஏற்பாடு. ஆண்டு முடிவு மழை ஒன்றில், இரண்டாவது இரவு நானும் பண்டுக் காவலாளரும் கையில் டார்ச் லைட்டோடு அந்தக் கதவுக்கு மேலே நின்றோம். வலப்பக்கம் ஆறு, பண்டின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே. இடப்பக்கம் தோட்டம், செம்பனை மட்டைகளின் அடிவரை தண்ணீர். மழை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பெய்தது. வற்றல் நேரம் வந்தது; கதவு திறக்கவில்லை. மேலிருந்து வந்த வெள்ளம் ஆற்றை இறங்கவிடவில்லை. வெளியே உயர்ந்த மட்டத்தைத் தடுக்கக் கட்டிய பண்டு, உள்ளே பெய்த மழையை வெளியே போகவிடாமல் தடுத்து நின்றது. லயத்துப் பக்கத்திலிருந்து பாம்புகள் பண்டின் மேல் ஏறின. சிவப்பெறும்புகள் பந்து பந்தாக மிதந்து வந்து எங்கள் பூட்சில் ஏறின. காவலாளர் டார்ச்சைப் பண்டின் சரிவில் ஒவ்வோர் அடியாக நகர்த்திக்கொண்டே போனார். "நண்டு வளை பார்க்கிறேன் கிராணி" என்றார். "பெரிய உடைப்பெல்லாம் கட்டைவிரல் ஓட்டையிலதான் ஆரம்பிக்கும்." அன்று பண்டு உடையவில்லை. தோட்டத்தில் தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. ஆற்று வெள்ளத்திலிருந்து எங்களைக் காப்பாற்றிய பண்டு, மழை வெள்ளத்துக்குள் எங்களைப் பூட்டி வைத்தது.

நான் பார்த்தது ஒரு தோட்டம். பத்து பகாட் பக்கம் பார்த்தால் இதுவே ஒரு மாவட்டத்தின் கதை. பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா என்று ஊர்ப் பெயரிலேயே வாய்க்காலை வைத்திருக்கும் மேற்கு ஜொகூர், வெட்டி வடித்து விளைநிலமாக்கிய சதுப்பு. 1974இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய மேற்கு ஜொகூர் வேளாண் திட்டம் கடலோரப் பண்டுகளையும் தண்ணீர்க் கதவுகளையும் வடிகால்களையும் பெருக்கியது. செம்பனை செழித்தது, கோப்பி செழித்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் கரிமண் நிலத்தில் தண்ணீரை வடித்தால் மண் காய்ந்து, காற்றுப் பட்டு மக்கி, அமிழ்ந்துபோகும். மேற்கு ஜொகூர் கரிமண் ஆண்டுக்கு ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் அமிழ்வதை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஐம்பது ஆண்டில் ஒரு மீட்டர்! பண்டு நின்ற இடத்தில் நிற்கிறது. நிலம் அதன் காலடியில் இறங்குகிறது. நிலம் இறங்க இறங்கத் தண்ணீர்க் கதவு திறந்திருக்கும் நேரம் குறைகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளம், ஜொகூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றியது. நம் ஜாசின் மாவட்டமும் தப்பவில்லை. 2023 மார்ச்சில் மறுபடியும் வந்தபோது செகாமாட்டில் தண்ணீர் வடிந்த பிறகும் பத்து பகாட்டில் வாரக்கணக்கில் நின்றது. பெருமழைதான் காரணம், சரி. அது வடியாமல் நின்றதற்கும் மழையா காரணம்?

வங்கதேசக் கழிமுகம் இதை இன்னும் அப்பட்டமாகக் காட்டுகிறது. 1960களில் அங்கே தென்மேற்குக் கடலோரத்தைப் பண்டுகளால் வளைத்துத் தீவு தீவாகப் பிரித்தார்கள். ஏற்றத்தோடு வந்து படியும் வண்டல் நின்றது. 2009இல் அய்லா புயல் ஒரு தீவின் பண்டை உடைத்தபின் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். பண்டு போடாத சுந்தரவனக் காட்டுத் தரையைவிட, பண்டுக்குள் காப்பாற்றப்பட்ட நிலம் ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை தாழ்ந்திருந்தது. பரவ இடமில்லாத கடலேற்றம் ஆற்றுக்குள்ளேயே நெருங்கி ஏறுவதால், அந்த ஆறுகளில் உயர்நீர் மட்டம் கடல் உயரும் வேகத்தைவிட விரைவாக உயர்ந்ததையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆற்றுப் பக்கம் மட்டம் ஏற, வீட்டுப் பக்கம் நிலம் இறங்க, நடுவே பண்டு. 1997இல் பைனா என்ற தாழ்நிலத்தில் தண்ணீர் வடியாமல் தவித்த மக்கள் தாங்களே பண்டை வெட்டிவிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகள் ஆறு உள்ளே வந்து வண்டலைக் கொட்டி நிலத்தை உயர்த்திக் கொடுத்தது. ஆற்றின் படுகையும் ஆழமானது. படித்த பொறியாளர்கள் பிறகு அதையே ஒரு முறையாக ஏற்றுக்கொண்டார்கள்.

சரி, கரிகாலன்? அவன் காவிரிக்குக் கரை எடுத்தான் என்ற புகழ் பழைய செப்பேடுகளிலும் உண்டு. அதைப் பறிக்க நான் யார். ஆனால் காவிரிக் கழிமுகம் இரண்டாயிரம் ஆண்டு பிழைத்தது கரையால் மட்டும் இல்லை. கல்லணையின் வேலையைப் பாருங்கள். அது ஆற்றை அடைத்து நிற்கவில்லை. வேண்டிய தண்ணீரைக் காவிரியில் வைத்துக்கொண்டு மிஞ்சியதைக் கொள்ளிடத்துக்குத் தள்ளுகிறது. கொள்ளிடம் என்ற பெயரையே கவனியுங்கள். கொள்ளும் இடம். வெள்ளத்துக்கு ஓர் ஆறே ஒதுக்கி வைத்த ஊர் அது. அதன் பிறகும் கிளையாறுகள், குளங்கள், வடிகால்கள் என்று தண்ணீருக்கு ஆயிரம் இருக்கை போட்டு வைத்தார்கள். நம் தாத்தாக்கள் கப்பலேறியபோது கரிகாலன் பெயரைக் கொண்டுவந்தார்கள். கொள்ளிடத்தை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

அந்தக் காவிரியிலும் ஓரிடத்தில் கை வைத்தால் மற்றோர் இடத்தில் பதில் வந்திருக்கிறது. கொள்ளிடம் ஆழமாகிக் காவிரிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று ஆர்தர் காட்டன் 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டத் தொடங்கினார். தண்ணீர் காவிரிப் பக்கம் திரும்பியது. இப்போது காவிரியின் படுகை அரிக்கத் தொடங்கியது. 1845இல் காவிரிக்கும் குறுக்கே தடுப்புக் கட்ட வேண்டியதாயிற்று. 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வெள்ளம் போனபோது அதே மேலணையின் ஒன்பது மதகுகள் அடித்துக்கொண்டு போயின. காட்டனைவிடக் கெட்டிக்காரர் யாரும் நம் மனுவை எழுதவில்லை என்று நினைக்கிறேன்.

கடைசியாக டச்சுக்காரர். பல நூற்றாண்டு பண்டு கட்டிய அனுபவம் அவர்களுக்குத்தான். அந்த அனுபவம் அவர்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா? 1993இலும் 1995இலும் ரைன் ஆறு பண்டின் விளிம்புவரை ஏறியது. 1995இல் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். இனியும் உயர்த்திக்கொண்டே போனால் ஒருநாள் உடைந்தே தீரும் என்று கண்டு, 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டத்தைக் கையில் எடுத்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட இடங்களில் பண்டைப் பின்னுக்குத் தள்ளினார்கள், தாழ்த்தினார்கள், பக்கவாய்க்கால் வெட்டினார்கள். நைமேகன் நகரத்தில் பண்டை 350 மீட்டர் பின்னால் நகர்த்தினார்கள். அதற்காக வீடுகளைக்கூட எடுத்தார்கள். நாம் அவர்களைப் பின்பற்றுவதாகச் சொல்லிக்கொண்டு, அவர்கள் எந்த இடத்திலிருந்து திரும்பி நடந்தார்களோ அந்த இடத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. பண்டு எழுந்த மறு ஆண்டு அதன் காலடியில் வீட்டுமனை விளம்பரப் பலகை எழும். இதுவரை நனைந்த நிலம் இனி நனையாது என்று வங்கியும் நம்பும், வாங்குபவரும் நம்புவார். 2021 டிசம்பர் 18 அன்று ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கீழ்த்தளம் மூழ்கி மக்கள் கூரையில் நின்றதை நாம் எல்லோரும் கைப்பேசியில் பார்த்தோம். கிள்ளான் ஆற்றோரத் தாழ்நிலத்தில் எழுந்த தாமான் அது. அந்தப் பருவத்து வெள்ளத்தில் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று அரசின் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. சின்ன வெள்ளங்களைப் பண்டு தடுத்துவிடும். தடுத்துத் தடுத்து, பெரிய வெள்ளத்துக்கு ஆட்களைச் சேர்த்து வைக்கும்.

"அப்படியானால் என் அக்கா மூழ்கட்டுமா?" என்று அந்தத் தம்பி கேட்பார். கேட்க வேண்டும். பண்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. கேரித் தீவுத் தோட்டங்களுக்குக் கடற்பண்டு இல்லாமல் முடியாது. ஓர் ஊரைச் சுற்றி, அந்த ஊரளவுக்கு மட்டும் வளையமாகப் பண்டு போடுவது, உள்ளே பெய்யும் மழைக்குப் பம்பு வைப்பது, வீடுகளைத் தூண்மேல் உயர்த்துவது எல்லாம் நியாயமான காப்பு. மலாய்க் கம்பத்து வீடுகள் தூண்மேல் நின்றது சும்மாவா? நான் மறுப்பது ஆற்றோடு ஒட்டி, இரண்டு பக்கமும், மைல் கணக்கில் எழுப்பி, ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இன்னும் ஈரடி என்று ஏற்றிக்கொண்டே போகும் பண்டை. கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஆற்றைவிட்டுத் தள்ளிக் கட்டுங்கள். நடுவில் இருக்கும் நிலம் ஆண்டில் சில நாள் மூழ்கட்டும். அந்த நிலத்துக்காரருக்கு இழப்பீடு கொடுங்கள். ஆற்றின் அகலத்தைப் பொறுத்து ஒவ்வொரு கரையிலும் 5 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை விடச் சொல்லி வடிகால், நீர்ப்பாசன இலாகாவின் (ஜே.பி.எஸ்.) வழிகாட்டியே இருக்கிறது. தண்ணீரை விழுந்த இடத்திலேயே தாமதப்படுத்து என்று சொல்லும் மழைநீர்க் கையேட்டை 2001லிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்ததும் அதே இலாகாதான். மனு எழுதுவதானால் அதை அமலாக்கச் சொல்லி எழுதலாமே.

இதுவரை கீழ்ப்பக்கத்தைப் பற்றியே பேசிவிட்டேன். இனி மேல்பக்கம், அதாவது நாங்கள்.

1980களில் செலண்டார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நான் இளம் கிராணி. இரண்டு மேட்டுக்கு நடுவே 12 எக்டேர் சேற்றுப் பள்ளம் கிடந்தது. மழை பெய்தால் நான்கைந்து நாள் தண்ணீர் நிற்கும். கெண்டைக்கால் தாண்டி முழங்காலை நெருங்கும். கன்று நட்டால் அழுகும். ஒரு கும்பலை வைத்து, கெசாங்கில் போய்ச் சேரும் ஓடைக்கு நேராக ஒரு கான் வெட்டினேன். முக்கால் மைல், வளைவே இல்லாமல், நூல் பிடித்த மாதிரி. அடுத்த மழையில் காலையில் நின்ற தண்ணீர் மாலையில் இல்லை. துரை என் தோளைத் தட்டினார். வீட்டில் போய் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இப்போது கணக்குப் போட்டால், 40 சென்டிமீட்டர் உயரத்தில் 12 எக்டேர் என்பது 48 ஆயிரம் கன மீட்டர். ஐந்து நாள் எங்களோடு தங்கிப் போன தண்ணீரை ஐந்து மணி நேரத்தில் கீழே அனுப்ப ஏற்பாடு செய்தவன் நான். அந்த ஆண்டுகளில் என்னைப் போல எத்தனை கிராணிகள், எத்தனை கான்கள்! அதற்குப் பிறகு எத்தனை தாமான்கள், எத்தனை சிமெண்டு லோங்காங்குகள்! எல்லாத் தண்ணீரையும் ஒரே மாலையில் அனுப்பிவிட்டு, கீழே இருப்பவர் பண்டு கேட்டால் கையெழுத்துப் போடுகிறோம். கையெழுத்துக்குச் செலவில்லை.

அந்தப் பள்ளத்தில் செம்பனை என்றைக்குமே சரியாக விளையவில்லை. மறுநடவில் அந்த மூலையை விட்டுவிட்டார்கள். கான் மட்டும் இன்றைக்கும் வேலை செய்கிறது. அதன் வாயில் மண்மூட்டையும் மரப்பலகையும் வைத்து இடுப்பளவு தடுப்புப் போட்டால் தண்ணீர் பழையபடி தங்கும். பிறகு மெல்லக் கசிந்து இறங்கும். நான்கு ஆள், இரண்டு நாள் வேலை. தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி கேட்டுக் கடிதம் எழுதிவிட்டேன். அதில் என் கையெழுத்து இருக்கிறது. இது போன்ற கான் செலண்டாரிலிருந்து நியாலாஸ் வரை எத்தனை என்று எனக்குத் தெரிந்தவரை ஒரு பட்டியலும் எழுதி வைத்திருக்கிறேன். அந்தத் தம்பி மறுபடியும் வந்தால், மனுவை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள். பூட்ஸ் போட்டுக்கொண்டு வரட்டும். முதல் கானை நானே காட்டுகிறேன்.